சீட்டில் எழுதாத கேள்வி

எங்கள் பிழைப்பில் வைவா என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவள் நாலு பேர் முன்னால் நின்று, எழுதியதெல்லாம் தான் எழுதியதுதான் என்று நிரூபிக்க வேண்டிய நாள். 'பொது வாய்மொழித் தேர்வு' என்று அழைப்பிதழில் போடுவார்கள். ஆமாம், அழைப்பிதழும் உண்டு. மாப்பிள்ளை ஒருத்தர்தான் இல்லையே தவிர மற்றபடி கல்யாணம்தான்: பூங்கொத்து, பொன்னாடை, போட்டோகிராபர், சாப்பாடு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி.

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது நடைமுறை. அதனால் கேள்விகளை நாமே எழுதி, சின்னச் சின்னச் சீட்டாகக் கிழித்து, முன்கூட்டியே ஜூனியர்கள் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். இதை யாரும் திருட்டுத்தனமாக நினைப்பதில்லை. மைக்குக்குச் சொல்வது, நாற்காலிக்குச் சொல்வது மாதிரி இதுவும் ஓர் ஏற்பாடு. எத்தனையோ அக்காக்களின் வைவாவில் நானும் சீட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அந்த அக்காக்களும் அப்போதுதான் முதன்முறை காதில் விழுந்த மாதிரி நெற்றியைச் சுருக்கி, "நல்ல கேள்வி" என்று ஆரம்பிப்பார்கள்.

என் வைவாவுக்கு நானும் சீட்டு எழுதினேன். ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதவில்லை. அதை யாராவது ஒருத்தர், நான் சொல்லிக்கொடுக்காமல், தானாகக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அப்படி ஒருத்தர் கேட்டால் போதும், இத்தனை வருஷம் செய்தது வீணில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்காவிட்டால் என்ன என்பதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் ஆராய்ச்சி செய்தது இங்கிலாந்தில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கதை எழுதிப் பிழைத்த ஒரு பெண்ணைப் பற்றி. அவள் பெயரை இங்கே சொல்லவில்லை. அவளே தன் முதல் புத்தகங்களில் பெயர் போட்டுக்கொள்ளவில்லை, 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டு விற்றார்கள். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எனக்கே தெரியாமல்தான் எம்.ஏ. முடித்து வெளியே வந்தேன்.

ஆங்கில நாவலின் தந்தை யார் என்பது அந்தக் காலத்தில் எங்களுக்குத் தவறாமல் வரும் கேள்வி. விடைக்கு இரண்டு ஆண்கள் போட்டி. ஒரு புரொபசர் இவர் என்பார், இன்னொரு புரொபசர் அவர் என்பார், யார் திருத்துகிறார்களோ அவர்களுக்குத் தகுந்த மாதிரி எழுதிவிட்டு வருவோம். ஊர் உலகத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அம்மா யார் என்பதில் சந்தேகம் வராது, அப்பா விஷயத்தில்தான் ஊர் வாய்க்கு அவல் கிடைக்கும். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் இரண்டு அப்பா, அம்மாவே கிடையாது. வகுப்பில் அத்தனை பேர் இருந்தோம், பாதிக்கு மேல் பெண்கள், ஒருத்திக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

அவளை நான் கண்டுபிடித்தது ஒரு தடிப் புத்தகத்தின் அடிக்குறிப்பில். அந்த இரண்டு அப்பாக்களும் கதை எழுத உட்காருவதற்கு முன்பே அவள் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியிருந்தாள். ஏமாந்த பெண்கள், ஏமாற்றிய பெண்கள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிற வேலைக்காரிகள், கல்யாணம் ஆனபிறகு கண் திறந்தவர்கள். சமையல்காரிகள்கூட அதைக் கைமாற்றிப் படித்தார்களாம். படித்த ஆண்கள் கேலிப் பாட்டு கட்டினார்கள். பிற்பாடு நாவலுக்கு வரலாறு எழுதியவர்கள் அந்தக் கேலியை நம்பி அவளை விட்டுவிட்டார்கள்.

அவள் வாழ்க்கையில் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு வரிகூட அச்சில் இல்லை. நன்றாக எழுதிக்கொண்டிருந்தவள், விற்றுக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்திவிட்டாள். கேலி தாங்காமல் நிறுத்தினாள் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. நான் அதை ஒருநாளும் நம்பவில்லை. முதல் புத்தகத்திலிருந்தே அவளைக் கேலி செய்தார்கள், அவள் இன்னும் வேகமாகத்தான் எழுதினாள். விரோதி சொல்லி யாரும் எழுதுவதை நிறுத்துவதில்லை. வேண்டியவர்கள் வந்து சொன்னால்தான் நிற்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கு அப்படித்தான் நின்றது.

கல்யாணத்துக்கு முன்பு நான் தமிழில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய எழுத்தாளர் என்றெல்லாம் இல்லை. பத்திரிகைகளில் அவ்வப்போது வரும், பம்மலில் எங்கள் தெருவில் நாலு பேர் விசாரிப்பார்கள், அம்மா அந்த இதழை மடித்துப் பீரோவில் துணிக்கு அடியில் வைப்பாள். அம்மாவுக்குப் படிக்க வராது. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். கல்யாணமாகிப் பொழிச்சலூருக்கு வந்த பிறகு ஒரு கதை எழுதினேன். அதில் ஒரு மாமியார். பால் பாத்திரத்தில் பால் எவ்வளவு இருந்தது என்று கண்ணாலேயே அளந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர். கதையில் அவர் கெட்டவர்கூட இல்லை, அளக்கிற பழக்கம் மட்டும்தான்.

அந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று தெரியாது. ஒருநாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பக்கம் விரித்தபடி கிடந்தது. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். என் கணவர் நல்லவர், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று, அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் இறங்கும்போது எல்லோரும் பாதிப் பேச்சில் நிறுத்திக் காத்திருப்போம். அது மாதிரி ஒரு மௌனம், ஆனால் விமானம் போகவே இல்லை.

யார் சொல்லி அனுப்பினார்களோ, அந்த வாரமே அம்மா பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். நான் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மா. கொஞ்ச நாளிக்கு எய்தாத. கொயந்த பொறக்கட்டும், அவங்க மனசு ஆறட்டும். அப்பால எய்து, யாரு வாணான்னது. எனக்கோசரம்மா."

அழுதாள். அப்பா இல்லாத வீட்டில் என்னை வளர்த்து, படிக்க வைத்து, ஒரு இடத்தில் கட்டிக்கொடுத்தவள். அங்கே நான் வாழாமல் திரும்பி வந்துவிடுவேனோ என்ற பயத்தில் அவள் விரல்கள் என் கையை விடவே இல்லை. சரிம்மா என்றேன். கொஞ்ச நாள்தானே. அந்தக் கொஞ்ச நாளில் பிறந்த குழந்தை இப்போது பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

ஆராய்ச்சிக்கு வீட்டில் ஒரு தடையும் வரவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரியிடம் யாரும் தங்கள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. கெஸ்ட் லெக்சரர் வேலைக்குப் பல்லாவரத்தில் ரயில் ஏறி, லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் அவள் புத்தகத்தைப் போனில் திறந்துவைப்பேன். பழைய அச்சு, கறை பிடித்த பக்கங்கள். பக்கத்தில் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டு வருவாள், எதிரில் ஒருத்தி பூ கட்டிக்கொண்டு வருவாள். அந்த வெள்ளைக்காரியும் இப்படித்தான் இரைச்சலுக்கு நடுவில் எழுதியிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ரயிலில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றும்போதெல்லாம் போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொள்வேன். பிறகு பிறகு அப்படித் தோன்றுவதும் நின்றுவிட்டது.

தீசிஸில் அந்த வெற்றிடத்துக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினேன். அவளை நிறுத்தியது கேலி இல்லை, அவளுக்கு வேண்டிய யாரோ. அம்மாவோ அக்காவோ மகளோ. வந்து கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதினேன். அவளுடைய கதைகளிலேயே அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, நிறுத்துவதற்கு முந்தைய கடைசிக் கதையில் இரண்டு முறை வருகிறது என்று காட்டினேன். நான் எழுதியதிலேயே உயிருள்ள பக்கங்கள் அவைதான்.

என் கைடு, மேற்பார்வை பார்த்த பேராசிரியர், படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா ஆதாரம்? அந்த யாரோ ஒருத்தர் யாரு? பேர் இருக்கா? இது ரிசர்ச் இல்லம்மா, கதை. வெளியூர்லேந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார். எடுத்துடுங்க."

கதை என்று அவர் சொன்னது எனக்கு உறைத்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை, ஆதாரம் என்று ஒரு காகிதமும் கிடையாது. எடுத்துவிட்டேன். இருக்கவே இருக்கிறது, எழுதிய எதையும் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிற பழக்கம். அத்தியாயம் போன இடத்தில் 'அவளது மௌனத்தின் காரணங்கள் மேலும் ஆராயத்தக்கவை' என்ற ஒரு வாக்கியம் மட்டும் மிஞ்சியது. ஆனால் வைவாவில் ஒருத்தர் எழுந்து, ஏன் நிறுத்தினாள் என்று கேட்டுவிட்டால், பதில் சொல்ல வேண்டியது என் கடமை. அப்போது யாரும் என்னைத் தடுக்க முடியாது. அந்தப் பதிலை ஆங்கிலத்தில் தயார் செய்து, குளிக்கும்போதும் குக்கர் வைக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சீட்டில் எழுதாத கேள்வி அதுதான்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியின் செமினார் ஹாலில் வைவா. எக்ஸ்டர்னல், அதாவது வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர், காலை ரயிலில் தாம்பரத்தில் வந்து இறங்கினார். என் கணவர்தான் போய் அழைத்துவந்து காபி வாங்கிக்கொடுத்து உட்காரவைத்தார். எக்ஸ்டர்னல் வெங்காயம் பூண்டு சேர்க்கமாட்டார் என்று கடைசி நேரத்தில் தெரிந்து, கேட்டரிங்காரரிடம் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. நான் ஸ்லைடு சரிபார்த்துக்கொண்டிருந்தபோது என்னைத் தேடி வந்த எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். அம்மா முதல் வரிசையில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசினேன். கை தட்டினார்கள். எக்ஸ்டர்னல் இரண்டு கேள்வி கேட்டார். நூற்பட்டியலில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஆண்டு ஏன் வந்தது என்பது ஒன்று. இந்த ஆய்வினால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது கேள்விக்கு எல்லோரும் சொல்லுகிற பதிலைச் சொன்னேன்.

பிறகு சபையின் கேள்விகள். முதல் ஜூனியர் எழுந்து சீட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அழகாகக் கேட்டாள். இரண்டாமவள் பதற்றக்காரி. எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று என் ஞாபகத்துக்காக ஓரத்தில் குறித்திருந்ததையும் சேர்த்து, கேள்வியை முடித்த கையோடு "பதினேழாவது ஸ்லைடு" என்று உரக்க வாசித்துவிட்டாள். ஹால் சிரித்தது. எக்ஸ்டர்னலும் சிரித்தார், அவரும் சீட்டு எழுதிக் கொடுத்துத்தானே டாக்டர் ஆகியிருப்பார். நான் அந்தப் பதினேழாவது ஸ்லைடைப் போட்டு, நெற்றியைச் சுருக்கி, நல்ல கேள்வி என்று ஆரம்பித்தேன்.

சீட்டெல்லாம் தீர்ந்தது. கடைசியாக அந்த இங்கிலாந்துக்காரி வாழ்க்கையின் காலக்கோடு இருந்த படத்தைப் போட்டேன். இந்தப் பக்கம் நெருக்கமாகப் புத்தகங்கள், அந்தப் பக்கம் கொஞ்சம் புத்தகங்கள், நடுவில் வெள்ளை. ஓரத்தில் அவளுடைய சின்னப் படம். வேண்டுமென்றே அதை மாற்றாமல் விட்டேன். யார் கண்ணிலும் படாமல் போக முடியாது என்று நினைத்தேன். கைடு மைக்கை எடுத்து, சபையிலிருந்து வேறு கேள்விகள் உண்டா என்றார்.

காத்திருந்தேன். மின்விசிறி சத்தம். என் கூட வேலை பார்க்கிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறைத்தலைவர் பொன்னாடையின் பிளாஸ்டிக் உறையை மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கேளுங்களேன், யாராவது கேளுங்களேன், கண்ணெதிரே இவ்வளவு பெரிய வெள்ளை இருக்கிறதே, எங்கே போனாள் என்று ஒருத்தருக்குமா தோன்றவில்லை என்று எனக்குள் கத்திக்கொண்டு நின்றேன். முகத்தில் சிரிப்பை மாற்றவில்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரத்தில் ஒரு கை உயர்ந்தது. தயார் செய்த பதிலின் முதல் வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

என் கணவர். கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பாடு வந்துவிட்டது.

"மிக முக்கியமான கேள்வி வந்துடுச்சு" என்றார் கைடு. ஹாலே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். என்னை டாக்டர் என்று அறிவித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், அம்மா எழுந்து நின்று கைதட்டினாள். அதற்குள் புரொஜெக்டரை யாரோ அணைத்திருந்தார்கள். அந்த வெள்ளை இடம் மொத்தத் திரைக்கும் ஆகிவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு பேர் நடுவில் இவ்வளவு தனியாக நான் நின்றதில்லை. அவளுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா தெரியாது, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் என் கணவர் எக்ஸ்டர்னலை ரயிலேற்றப் போய்விட்டார். நானும் அம்மாவும் மீந்த சாப்பாட்டோடு ஆட்டோவில் ஏறினோம். அம்மாவைப் பம்மலில் இறக்கிவிட்டு நான் பொழிச்சலூர் போகவேண்டும். சாம்பார்த் தூக்கு சிந்தாமல் இருக்க இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள் அம்மா. என் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். குரோம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது.

"ஏம்மா, ஒரு பொம்பள படம் காட்னியே, தொப்பி மாதிரி போட்டுகினு. யாரு அது?"

"கதை எழுதினவங்கம்மா. ரொம்ப காலத்துக்கு முன்னாடி, இங்கிலாந்துல. அவங்களப் பத்திதான் நான் படிச்சேன்."

"அப்பவே பொம்பளைங்க எய்தினாங்களா!" அம்மாவுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. "நெறைய எய்தினாங்களா?"

"நெறைய. நல்லா எழுதிக்கிட்டே வந்தாங்க. நடுவுல நிறுத்திட்டாங்க."

"இன்னாத்துக்கு?"

சிக்னல் விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, ஆட்டோ கிளம்பியது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. தானாகத்தான் கேட்டாள். ஆங்கிலத்தில் அவ்வளவு நீளமாகத் தயார் செய்த பதில் தமிழில் ஒரு வரிக்கு மேல் வரவில்லை.

"யாராவது வேண்டியவங்க வந்து கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டிருப்பாங்கம்மா. கொஞ்ச நாளைக்கு எழுதாதேன்னு."

மொட்டை மாடி, காயாத துணி, அவள் விரல்கள். ஏதாவது தெரிகிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். தெரிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது, தெரிந்தால்தான் என்ன, தெரியட்டுமே என்றும் இருந்தது. அவள் மேல் எனக்கு இருந்த கோபத்தை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தூக்கின் மூடியை அழுத்திச் சரிசெய்தபடி, நிஜமாகவே வயிறெரிந்து கேட்டாள்.

"எய்துற கையப் புடிச்சு எய்தாதன்னு சொல்ல எப்டிம்மா மனசு வந்துச்சு? எந்தப் பாவிம்மா அது? நல்லா இருந்திருப்பாளா அவ?"

"தெரியலம்மா" என்றேன். "பேரு எங்கயும் கிடைக்கல."